பாவாவின் வீடும் அண்ணாவியாரின் குடிசையும்

நமது இலக்கியக் கூட்டங்களில் சில வருடங்களாக ஒரு பெயர் அதிகம் அடிபடுகிறது: ஜெப்ரி பாவா. நாடாளுமன்றத்தைக் கட்டிய முஸ்லிம், உலகம் கொண்டாடும் முஸ்லிம் கலைஞன், நம்மவர் என்றெல்லாம் மேடைக்கு மேடை முழங்குகிறார்கள். பெந்தோட்டைக்கு அருகே லுணுகங்கவில் உள்ள பாவாவின் வீட்டை முஸ்லிம் சமூகத்தின் முதுசங்களுள் ஒன்றாகக் கருத வேண்டும் என்று நண்பர் ஒருவர் பேசினார். கைதட்டல் பலமாக இருந்தது. கூட்டம் முடிந்து தேநீர் குடிக்கும்போது, கிரானில் ஓர் அண்ணாவியாரின் மண்வீட்டை இடிக்கப் போகிறார்கள், அதுபற்றி நமது சஞ்சிகைகள் ஏதாவது எழுத வேண்டும் என்று நான் சொன்னேன். “அது தமிழாக்கள்ற கூத்து சேர், நமக்கெதுக்கு?” என்று அதே நண்பர் கேட்டார். இது அவருக்கான பதில். தேநீர்க் கோப்பையோடு நின்று சொல்லி முடிக்கக்கூடிய பதில் அல்ல என்பதால் எழுத நேர்ந்தது.

முதலில் பாவாவைப் பற்றிய உண்மைகளைப் பார்ப்போம். 1919 யூலை 23இல் பிறந்தவர். தந்தை பெஞ்சமின் வில்லியம் பாவா கொழும்பில் பேர்பெற்ற வழக்கறிஞர். அவருடைய தந்தை வழி முஸ்லிம், தாய் வழி ஆங்கிலேயர். ஜெப்ரியின் தாயார் பறங்கிச் சமூகத்தைச் சேர்ந்தவர். மகன் கேம்பிரிஜ்ஜில் படித்து, சட்டத்தரணியாகி, அந்தத் தொழிலை விட்டுவிட்டு, 38 வயதில், 1957இல், கட்டிடக் கலைஞரானவர். அவரது வாழ்க்கையில் நமது பள்ளிவாயலோ மத்ரஸாவோ எந்த இடத்திலும் வரவில்லை. பெயரின் கடைசியில் பாவா என்று இருக்கிறது. நமக்கு அது போதுமானதாகிவிட்டது.

ஏன் போதுமானதாகிவிட்டது என்பது எனக்கு விளங்காமல் இல்லை. அவருடைய நூற்றாண்டு 2019 யூலையில் வந்தது. அதற்குச் சரியாக மூன்று மாதங்களுக்கு முன்னர் ஏப்ரல் 21 நடந்தது. யாரோ சிலர் செய்த கொலைகளுக்காக நாடு முழுவதும் நாம் தலைகுனிந்து நின்ற நாட்கள் அவை. பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் எழுந்து வேறு ஆசனத்துக்குப் போன நாட்கள். இந்த நாட்டுக்கு நாங்களும் தந்திருக்கிறோம் என்று காட்ட ஒரு பெயர் தேவைப்பட்டது. ஐந்து நட்சத்திர ஹோட்டல்களின் வரவேற்பு மண்டபத்தில்கூட மரியாதையோடு உச்சரிக்கப்படும் ஒரு பெயர் கையில் கிடைத்தது. பிடித்துக்கொண்டோம். அந்த ஆற்றாமையை நான் கேலி செய்யவில்லை. ஆனால் ஒரு கலைஞனின் பெயரை நற்சான்றிதழாக எடுத்துக்கொண்டு, அவன் வாழ்ந்த வீடு சொல்லும் பாடத்தை எடுக்காமல் விடுவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அந்த வீடு என்ன சொல்கிறது? லுணுகங்க என்றால் உப்பாறு. லுணு உப்பு, கங்க ஆறு. நமது கல்லடி உப்போடைக்கு ஒன்றுவிட்ட சகோதரம் போன்ற பெயர். தெத்துவ வாவிக் கரையில், ஒல்லாந்தர் காலத்தில் கறுவாவும் பின்னர் இறப்பரும் பயிரிட்ட ஒரு தோட்டம் அது. 1948இல் பாவா அதை வாங்கியபோது அங்கே இருந்தது பெரிதாகச் சொல்லிக்கொள்ள ஏதுமற்ற ஒரு தோட்டத்துப் பங்களா. வாசலை ஒரு பக்கமிருந்து இன்னொரு பக்கத்துக்கு மாற்றினார். பார்வையை மறித்த குன்றின் உச்சியை வெட்டித் தாழ்த்தினார். தாழ்த்தியதும் வீட்டிலிருந்து பார்த்தால் தூரத்தில் ஒரு விகாரையின் வெள்ளைத் தாதுகோபம் தெரிந்தது. அந்தப் பார்வைக்கு அளவுகோலாக நடுவில், ஒரு மரத்தின் கீழ், பெரிய சாடி ஒன்றை வைத்தார். இப்படி ஏறத்தாழ ஐம்பது வருடங்கள் அந்த வீட்டையும் வளவையும் செய்துகொண்டே இருந்தார். ஒருநாளும் கட்டி முடித்ததாகச் சொல்லவில்லை. 2003 மே 27இல் இறந்தபோது அந்த வளவிலேயே தகனம் செய்யப்பட்டார். நம்மவர் என்று கூவும் நண்பர்கள் இந்தக் கடைசித் தகவலைப் பேச்சில் சேர்ப்பதில்லை.

(அந்தக் குன்றை வெட்டிய மண்வெட்டிகளைப் பிடித்தவர்கள் யார், அவர்களுடைய வீடுகள் எங்கே என்று கேட்கத் தோன்றுகிறது. அது இன்னொரு கட்டுரைக்கான கேள்வி.)

அவர் இறந்த பின்னும் அந்த வீடு ஏன் விழவில்லை? பாவா பெரிய கலைஞர் என்பதால் என்று பதில் சொன்னால் அது பாதிப் பதில். பெரிய கலைஞர்களின் வீடுகள் எத்தனையோ விழுந்திருக்கின்றன. அந்த வீட்டுக்கு உறுதி இருந்தது, சொத்தை ஏற்று நடத்த அறக்கட்டளை இருந்தது, படித்த நண்பர்கள் இருந்தார்கள். அறைகளை வாடகைக்கு விட்டு, தோட்டத்தைப் பார்க்கக் கட்டணம் வாங்கி, அந்தக் காசில் ஓட்டையும் சுண்ணாம்பையும் மாற்றுகிறார்கள். ஓர் இரவு வாடகை எவ்வளவு என்று இங்கே எழுதி ஆசிரியத் தொழிலில் உள்ள வாசகர்களை நான் துன்புறுத்த விரும்பவில்லை.

அந்தத் தோட்டத்துக்குள் இப்போது இன்னொரு வீடும் நிற்கிறது. நண்பர்கள் யாரும் இதைப் பேசுவதில்லை. எனக்கோ லுணுகங்கவை விட இதுதான் பெரிய பாடமாகப் படுகிறது. ஈனா டி சில்வா என்ற பற்றிக் கலைஞருக்காகக் கொழும்பு அல்பிரட் பிளேஸில் 1960க்கும் 1962க்கும் இடையில் பாவா கட்டிய வீடு அது. நடுமுற்றத்தைச் சுற்றி அறைகள், மரத்தூண்கள், ஓட்டுக்கூரை. நமது பழைய நாற்சார் வீட்டில் வளர்ந்த எவரும் கண்ணைக் கட்டிவிட்டாலும் நடந்துவிடக் கூடிய அமைப்பு. இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலம் அது. உள்ளூர்ப் பொருட்களைக் கொண்டு கட்டுவது அழகுணர்ச்சியாக மட்டுமன்றித் தேவையாகவும் இருந்தது. ஈனா அங்கே பற்றிக் கூடம் ஒன்றை நடத்தினார். பெந்தோட்டை ஹோட்டல் ஒன்றின் விதானத்தை மூடிய அவரது பற்றிக் துணிகளும், நாடாளுமன்றத்துக்கு அவர் செய்த கொடிகளும் பேர்போனவை. பின்னாளில் மாத்தளைக்கு அருகே அலுவிகாரையில் கிராமத்துப் பெண்களைச் சேர்த்துத் தொழில் பழக்கினார். 2015இல் இறந்தார்.

கொழும்பு வீட்டின் காணி விற்கப்பட்டது. அந்த இடத்தில் அந்த வீடு நிற்க வழியில்லை என்றானது. என்ன செய்தார்கள்? 2009இல் அதைக் கழற்றினார்கள். கல்லுக்கும் தூணுக்கும் கதவுக்கும் இலக்கமிட்டு, வரைபடம் எடுத்து, லொறிகளில் ஏற்றி, லுணுகங்கவுக்குக் கொண்டுபோய், சில வருடங்கள் பாடுபட்டு மறுபடியும் நிறுத்தினார்கள். இன்று அதைப் பார்க்கப் போகும் ஒருவரும், இது பழைய வீடா புது வீடா என்று கேட்பதில்லை. அது ஈனாவின் வீடு.

இதை மனதில் வைத்துக்கொண்டு கிரானுக்கு வாருங்கள்.

மட்டக்களப்பிலிருந்து வடக்கே வரும் பிரதான வீதியில் ஏறாவூர், செங்கலடி, வந்தாறுமூலை, சித்தாண்டி, முறக்கொட்டான்சேனை கடந்தால் கிரான். இன்னும் சில கட்டை வடக்கே போனால் வாழைச்சேனை, ஓட்டமாவடி. எங்களூரும் தமிழூரும் மணிக்கோவையில் மாறி மாறிக் கோத்தது போல அமைந்த வீதி இது. பிரதான வீதியை விட்டு உள்ளே இறங்கிப் போனால் நான் சொல்லும் வீடு வரும். அண்ணாவியாரின் பெயரை எழுதவில்லை, பிள்ளைகள் விரும்பவில்லை. அவர் இறந்து பல வருடங்களாகின்றன. அவருடைய பேரப்பிள்ளை ஒன்று என்னிடம் படிக்கிறது.

வரிச்சுக் கட்டி மண் வைத்த சுவர். இரண்டு அறை, முன்னால் திண்ணை. தாவாரம் எவ்வளவு தாழ்வென்றால், நுழையும் எவரும் குனிந்துதான் ஆக வேண்டும். கூரையில் பாதி கிடுகு, பாதி பழைய தகரம். திண்ணைத் தூண் ஒன்றில் இடுப்பளவு உயரத்தில் ஒரு தேய்வு இருக்கிறது. மத்தளத்தைச் சாய்த்து வைத்து வைத்துத் தேய்ந்தது. வீட்டின் பெறுமதி வீட்டுக்குள் இல்லை, முன்னாலுள்ள வளவில் இருக்கிறது. வேப்பமரத்துக்கு இப்பால் ஏழெட்டுப் பாகம் அகலத்தில் ஒரு வட்டம். மாரி பெய்து வளவெல்லாம் பச்சையானாலும் அந்த வட்டத்தில் புல் சரியாக முளைப்பதில்லை. எத்தனை மாரிகளாக எத்தனை இளந்தாரிகளின் கால்கள் மிதித்து இறுக்கிய மண் அது.

கூத்துப் பழகுவதென்பது ஓர் இரவு வேலையல்ல என்பது இப்பக்கத்து வாசகர்களுக்குத் தெரியும். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஆளுக்கு ஆள் பாட்டை எழுதிக் கொடுக்கும் சட்டங்கொடுத்தல் முதலில். பிறகு மாதக்கணக்கில் ஆட்டப் பழக்கம். ஆட்டம் காலில் ஏறிய பிறகு சதங்கை அணிதல். பிறகு அடுக்குப் பார்த்தல். அதன் பின்னர்தான் அரங்கேற்றம், அது விடிய விடிய நடக்கும். முடிந்து வீட்டுக்கு வீடு ஆடுதல். வடமோடியா தென்மோடியா என்பதைப் பொறுத்து ஆட்டமும் உடுப்பும் மாறும். ஊர் முழுக்க அதற்குள் இழுபடும். இவ்வளவும் ஓர் அண்ணாவியாரின் நாக்கிலும் கையிலும் காலிலும்தான் இருக்கும். அவருக்குப் பள்ளிக்கூடம் என்று தனியாக ஒன்று கிடையாது. அந்தத் திண்ணையும் வளவும்தான் பள்ளிக்கூடம். ஆசிரிய கலாசாலையில் எனக்குக் கற்பித்தல் முறை படிப்பித்தவர்கள் கரும்பலகையில் எழுதிய பல விடயங்களை, படியாத ஒரு மனிதர் அந்த வட்டத்துக்குள் செய்து காட்டியிருக்கிறார்.

1960களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் கூத்தை மேடைக்குக் கொண்டுவந்தார். கர்ணன் போர் 1962இல், இராவணேசன் 1964இல். நவீன தமிழ் நாடக வரலாறு எழுதும் எவரும் இந்த வருடங்களை விடமாட்டார்கள். அந்தப் பட்டதாரி மாணவர்களுக்கு ஆட்டம் பழக்கியவர் யார்? இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் உள்ள வந்தாறுமூலையின் செல்லையா அண்ணாவியார். பல்கலைக்கழகம் தேடி வந்து படித்த கலை இந்த மண்வீடுகளிலிருந்துதான் போயிற்று. இன்று வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகம் நிற்கிறது, கல்லடியில் விபுலானந்தரின் பெயரில் அழகியற் கற்கைகள் நிறுவகம் நிற்கிறது, இரண்டிலும் கூத்தைப் பற்றிப் படித்துப் பட்டம் வாங்குகிறார்கள். நல்லது. ஆனால் இந்தக் கலை இருந்த வீடு எப்படி இருந்தது என்று ஒரு மாணவர் கேட்டால், நிற்கும் வீடு ஒன்றைக் கூட்டிப்போய்க் காட்ட இன்னும் எத்தனை வருடங்களுக்கு முடியும்?

இப்போது நடக்கப் போவது இது. உள்ளூர்ச் சங்கம் ஒன்று, அதன் நல்லெண்ணத்தில் எனக்குச் சந்தேகம் இல்லை, அண்ணாவியாரைக் கௌரவிக்க விரும்புகிறது. எப்படி? அந்த வீட்டை இடித்துவிட்டு அதே இடத்தில் ஞாபகார்த்த மண்டபம். சீமெந்துத் தளம், மாபிள் பதித்த முகப்பு, அன்பளிப்புச் செய்தவர்களின் பெயர் பொறித்த கறுப்புக் கல். மழை ஒழுகாத அந்த மண்டபத்துக்கு முன்னால் வாகனம் நிறுத்துவதற்கு வளவையும் கொங்கிரீட் போட்டுவிடுவார்களாம். அதாவது அந்த வட்டத்தின் மேல். ஒருவரை நினைவுகூர, அவர் மிதித்த மண்ணைச் சீமெந்தால் மூடுவது.

இதைத் தமிழர் சங்கம் செய்கிறது, நமக்கென்ன என்று ஒதுங்க முடியாது. நாமும் இதையேதான் செய்கிறோம். நமது ஊர்களில் பொல்லடி அண்ணாவிமார் இருந்தார்கள். களிகம்பு என்றும் சொல்வோம். சோடிப் பொல்லுகளோடு வட்டமாக நின்று அடித்து ஆடும் ஆட்டத்துக்குப் பாட்டும் தாளமும் அண்ணாவியாருடையது. கலியாண வீட்டிலும் பெருநாளிலும் அவர் இல்லாமல் முடியாது என்றிருந்த காலம் ஒன்று இருந்தது. அவர்கள் வாழ்ந்த வீடுகளில் எத்தனையை நம்மால் இன்று காட்ட முடியும்? ஆளை அழைத்துப் பொன்னாடை போர்த்தினோம். மவுத்தானதும் ஒழுங்கைக்குப் பெயர் வைத்தோம். வீடு மாடிவீடாயிற்று. நண்பர் கவனிக்க வேண்டிய ஒரு சொல் இருக்கிறது: அண்ணாவியார். கூத்து ஆசானுக்கும் பொல்லடி ஆசானுக்கும் இந்தக் கரையோரத்தில் ஒரே பெயர். வட்டமும் ஒன்றுதான். அது தமிழாக்களுடைய கூத்து, இது நம்முடைய ஆட்டம் என்று இரண்டாகப் பிரித்துப் பேசும் பழக்கம், 1990 ஓகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாயல்களிலும் ஏறாவூரிலும், செப்டெம்பரில் சத்துருக்கொண்டானிலும் சிந்திய இரத்தத்துக்குப் பின் தடித்துப்போன பழக்கம். அந்த வலியை நான் மறக்கச் சொல்லவில்லை. ஆனால் பேராதனை மேடையைப் பற்றிப் பேசும்போது நாட்டாரியல், பண்பாடு என்று பெருமைப்படுகிறவர்கள், நாலு கட்டை தூரத்தில் உள்ள மண்வீட்டுக்கு மட்டும் சாதி சமயம் பார்ப்பது என்ன நியாயம்? பெந்தோட்டையில் உள்ள வீடு பெயரால் நம்முடையதாம். கிரானில் உள்ள வீடு நம்மோடு ஒரே காற்றில், ஒரே வெள்ளத்தில் நனைந்த வீடு, அது பிறருடையதாம்.

இன்னொரு வாதமும் வருகிறது. “இந்த வீட்டில் என்ன பழமை இருக்கு? 78 சூறாவளியில விழுந்து திருப்பிக் கட்டினதுதானே?” உண்மை. 1978 நவம்பர் 23ஆம் திகதிச் சூறாவளியில் மட்டக்களப்பில் விழாத மண்வீடு குறைவு. அண்ணாவியார் அதே மண்ணைக் குழைத்து, எஞ்சிய மரங்களைப் பொறுக்கி, அதே அத்திவாரத்தில் மறுபடி எழுப்பினார். ஈனாவின் வீட்டைக் கழற்றி வேறு மாவட்டத்துக்குக் கொண்டுபோய் நிறுத்தினால் அது மரபுரிமைப் பாதுகாப்பு. அண்ணாவியார் தன் வீட்டைத் தானே அதே இடத்தில் எழுப்பினால் அது புதுவீடு! மண்வீடு என்பது வருடாவருடம் கட்டப்படுவதுதான். மாரிக்கு முன் கூரை மேய வேண்டும், மாரிக்குப் பின் சுவர் மெழுக வேண்டும். மெழுகுவதை இரண்டு வருடம் நிறுத்தினால் கறையான் மீதியைப் பார்த்துக்கொள்ளும். அப்படிப்பட்ட வீட்டின் வயதைச் சுவரில் தேடக்கூடாது, மெழுகிய கைகளில் தேட வேண்டும்.

மாலி நாட்டின் ஜென்னே நகரப் பெரிய பள்ளிவாயலை வாசகர்கள் படத்திலாவது பார்த்திருப்பார்கள். முழுக்க மண்ணால் ஆனது. இன்றிருக்கும் கட்டிடம் 1907இல் எழுந்தது. வருடத்துக்கு ஒரு தடவை ஊர் முழுவதும் திரண்டு, மேசன்மார் தலைமையில், ஆற்றுச் சேற்றைக் குழைத்துப் பள்ளிவாயலுக்குப் பூசும். சிறுவர்கள் சேறு மிதிப்பார்கள், பெண்கள் தண்ணீர் சுமப்பார்கள். யுனெஸ்கோ 1988இல் அந்தப் பழைய நகரத்தை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. அவர்களிடம் சீமெந்து வாங்கக் காசில்லை என்பதால் மட்டும் இது நடக்கவில்லை. சீமெந்து பூசிவிட்டால் ஊர் திரள வேண்டிய காரணம் போய்விடும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

மௌலவிமார் சிலர் வேறு பக்கத்தால் வருவார்கள் என்பதும் தெரியும். இறந்தவர்களின் வீட்டைப் பேணுவது ஷிர்க்கின் வாசல் என்பார்கள். யாரும் அங்கே விளக்கேற்றப் போவதில்லை, நேர்ச்சை வைக்கப் போவதில்லை. மக்காவில் நபி (ஸல்) அவர்கள் பிறந்த இடம் என்று காலங்காலமாகச் சொல்லப்பட்டு வரும் இடத்தில், அந்தக் கவலை எவரையும் விட அதிகமாக இருந்த ஒரு நாட்டில், 1950களில் ஒரு நூல்நிலையம்தான் கட்டப்பட்டது. அந்த இடத்தை வணக்கத்தலமாகவும் ஆக்கவில்லை, வெறுந்தரையாகவும் விடவில்லை, படிக்கும் இடமாக்கினார்கள். கிரானில் கேட்பதும் படிக்கும் இடம்தான். காலால் படிக்கும் இடம்.

இவை எல்லாவற்றையும் விடக் கடினமான கேள்வியை அண்ணாவியாரின் மருமகள் என்னிடம் கேட்டார். “சேர், நீங்க வந்து பாத்திட்டு உங்கட கல்வீட்டுக்குப் போயிருவீங்க. நாங்கதான் இதுக்குள்ள நனைஞ்சம்.” இதற்கு இலக்கியவாதிகளின் பக்கம் எளிதான பதில் கிடையாது. ஏழ்மையை அழகாகப் பார்ப்பது வயிறு நிறைந்தவர்களின் நோய். லுணுகங்கவின் தாழ்வாரத்தில் இருந்து மழையைப் பார்ப்பது இன்பம், ஒழுகும் கூரைக்குக் கீழே சட்டி வைத்துவிட்டு மழையைக் கேட்பது வேறு. அந்தக் குடும்பம் மண்வீட்டுக்குள்ளேயே கிடக்க வேண்டும் என்று ஒருவர் சொன்னால் அவரோடு எனக்குப் பேச்சில்லை. அவர்களுக்குக் கல்வீடு வேண்டும். அதே வளவின் பின்பக்கத்தில் தாராளமாக இடம் இருக்கிறது. மண்டபத்துக்குச் சேர்க்கும் காசில் அந்த வீட்டைக் கட்டிக் கொடுத்துவிட்டு, முன்னால் உள்ள மண்வீட்டையும் வட்டத்தையும் தொடாமல் விடுங்கள் என்பதே நான் சங்கத்தில் சொன்னது. மண்டபத்தை விட இது மலிவு. பெயர் பொறித்த கறுப்புக் கல்தான் இல்லாமல் போகும். சிக்கல் அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

அரசாங்கத்திடம் போகலாமே என்று சிலர் சொல்கிறார்கள். 1940ஆம் ஆண்டின் புராதனப் பொருட்கள் கட்டளைச் சட்டம் பொதுவாக 1815 மார்ச் 2க்கு முற்பட்டவற்றைத்தான் புராதனம் என்கிறது, கண்டி ஒப்பந்தத்தின் திகதி அது. பிற்பட்டதைச் சேர்க்க அமைச்சரின் கட்டளை வேண்டும். ஒரு கூத்துக்காரனின் வரிச்சு வீட்டுக்காக அமைச்சர் கையெழுத்து வைப்பார் என்று நம்புகிறவர் நம்பட்டும். அதைவிடப் பெரிய தடை ஒன்று இருக்கிறது. தொல்பொருள் என்ற சொல்லைக் கேட்டாலே இந்த மாகாணத்தில் தமிழரும் முஸ்லிம்களும் காணி உறுதியைத் தேடி ஓடுகிறோம். 2020 யூனில் கிழக்கு மாகாணத் தொல்பொருள் மரபுரிமை முகாமைக்கென்று பாதுகாப்புச் செயலாளரின் தலைமையில் ஜனாதிபதி செயலணி ஒன்று அமைத்தார்கள். முதலில் அறிவித்த பெயர்களில் ஒரு தமிழரும் இல்லை, ஒரு முஸ்லிமும் இல்லை. பழையது எதுவும் வளவில் இருப்பது ஆபத்து என்ற எண்ணம் மக்களுக்கு அப்படித்தான் வந்தது. பழைய செங்கல் கிடைத்தால் இரவோடிரவாக ஆற்றில் போடும் அளவுக்குப் பயம். மரபுரிமையைக் காக்க வந்தவர்கள் மரபுரிமை என்ற சொல்லையே நம்மிடமிருந்து பறித்துவிட்டார்கள். ஆகவே அந்தத் திணைக்களத்தின் பலகை இந்த வளவில் நடப்படுவதை நானும் விரும்பவில்லை.

மிஞ்சுவது நாம்தான். நம்மிடம் வழியில்லை என்று சொல்ல முடியாது. லுணுகங்கவைக் காப்பாற்றிய அறக்கட்டளை என்ற ஏற்பாடு நமக்குப் புதியதா? வக்ஃபு என்ற பெயரில் ஆயிரம் வருடங்களுக்கு மேலாக நமது கையில் இருந்த கருவி அது. சொத்தை விற்கவும் பங்கிடவும் முடியாதபடி நிறுத்திவைத்து, வரும் பயனை மக்களுக்கு விடுவது. இந்த நாட்டிலேயே 1956இன் 51ஆம் இலக்கச் சட்டம் அதற்கென்று இருக்கிறது. பள்ளிவாயல் கடை அறைகளின் வாடகையைத் தாண்டி நமது வக்ஃபுச் சிந்தனை ஏன் போகவில்லை? பொல்லடி அண்ணாவியார் ஒருவரின் வளவை, ஒரு கவிக்காரரின் திண்ணையை, வக்ஃபு செய்ய நம்மில் ஒருவருக்காவது தோன்றியதா? வருடம் தோறும் நூல் வெளியீட்டுக்கும் பொன்னாடைக்கும் நினைவுச் சின்னத்துக்கும் செலவழிக்கிற காசில் அப்படியான வளவொன்றை எழுத்தில் வாங்கி நிறுத்தலாம்.

கிரான் வளவு வக்ஃபு ஆகாது, ஆக வேண்டியதும் இல்லை. அது அந்தக் குடும்பத்துடையது, அனுமதிப்பத்திரக் காணி. அதற்கு வேண்டியது வேறு. முதலில் அளவெடுத்தல். ஈனாவின் வீட்டைக் கழற்றும் முன் செய்ததைப் போல, சுவரின் உயரம், தாவாரத்தின் தாழ்வு, தூண்களுக்கிடையே உள்ள தூரம், வட்டத்தின் அகலம் எல்லாம் தாளில் ஏற வேண்டும். இதை எனது பத்தாம் வகுப்புப் பிள்ளைகளைக் கொண்டு தொடங்கிவிட்டேன். கணிதப் பாடத்தின் அளவியல் அலகுக்கு இதைவிட நல்ல பயிற்சி எனக்குக் கிடைக்கவில்லை. இரண்டாவது, அந்த வட்டத்தில் பழகியவர்களில் எழுபது வயதைக் கடந்த நாலைந்து பேர் இன்னும் இருக்கிறார்கள். யார் எங்கே நிற்பார், அண்ணாவியார் எந்தத் தூணோடு இருப்பார், மழை வந்தால் எங்கே ஒதுங்குவார்கள் என்பதை அவர்களை அங்கேயே நிறுத்திப் பதிய வேண்டும். மேடையில் ஏற்றி ஒலிவாங்கியைக் கொடுத்தால் அவர்கள் அமைச்சருக்கு நன்றி சொல்லத் தொடங்கிவிடுவார்கள், அதனால்தான் அங்கேயே என்கிறேன்.

மூன்றாவது கூரை. சங்கம் மண்டப வேலையை அடுத்த வருடத்துக்குத் தள்ளிவைக்கச் சம்மதித்திருக்கிறது. அதற்குள் வடகீழ்ப் பருவமழை வந்துவிடும். தகரத்தைக் கழற்றிவிட்டு முழுவதும் மேய ஐந்நூறு கிடுகு அளவில் வேண்டும் என்று மேய்கிறவர் சொல்கிறார். வரிச்சுக்கும் கயிற்றுக்கும் பிள்ளைகளின் தகப்பன்மார் பொறுப்பேற்றிருக்கிறார்கள். களிமண் வாவிக்கரையில் இருக்கிறது. ஓட்டமாவடியிலிருந்து ஒருவர் நூறு கிடுகு தருவதாகச் சொல்லியிருக்கிறார், பெயர் வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார். மீதி நானூறு. புரட்டாதி முடிவதற்குள் வந்து சேர வேண்டும். மேய்கிற நாளில் வந்து சேறு மிதிக்க விரும்புகிறவர்கள் மாற்றுடுப்பும் கொண்டு வரட்டும். லுணுகங்கவைப் பற்றிப் பேசிய நண்பருக்கும் திகதியை அறிவிப்பேன்.